மூத்தவருக்கு முதல் வாய்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் அப்பாவுக்குச் சவரம் செய்து, கழுத்தில் துண்டைக் கட்டி, சக்கர நாற்காலியைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். எனக்கு நாற்பத்தாறாவது பிறந்தநாள். அண்ணன், தங்கை, தம்பி மூவரும் குடும்பத்தோடு வருவார்கள். காப்பி கேக்கும் வரும்.

அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு அடுக்கு, நடுவில் லேசாகக் கசக்கும் காப்பி க்ரீம், மேலே வரிசையாகப் பாதாம். எனக்கு ஆறு வயதில் அப்பா முதன்முதலாக வாங்கி வந்தார். கத்தி வைத்தால் உதிரும் என்று தையல் நூலை இரு கையாலும் இழுத்துப் பிடித்து அறுத்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அந்தப் பெட்டியைத் திறந்தால் எனக்கு நாக்கு ஊறிவிடும். மானங்கெட்ட நாக்கு.

அதைச் சாப்பிட எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. இருந்தவரை அம்மா நடத்திய சட்டம். முதல் வாய் வீட்டில் மூத்தவருக்கு. அவர் விழுங்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. பிறகு பிறந்தநாள்காரருக்கு எல்லாரும் வரிசையாக ஊட்டுவார்கள். அண்ணன், அண்ணி, தங்கை, அவள் வீட்டுக்காரர், தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று எனக்கு ஒன்பது வாய். ஒன்பதாவது முடிவதற்குள் அவர்களுக்கு நேரமாகிவிடும், செருப்பைத் தேடுவார்கள். போன வருடம் "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "மொதல்ல இத வாங்கிக்க" என்று அண்ணன் பெரிய துண்டாக வைத்து அடைத்தார். நான் மென்று முடித்தபோது தம்பி காரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சும் வலது பக்கமும் போனபோது, கல்யாணம் ஆகாதவள்தானே என்று எல்லாரும் கூடி என்னை வேலையை விடச் சொன்னார்கள். ஆறு மாதம் என்றார்கள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. கடைக்குப் போனாலும் முக்கால் மணி நேரத்தில் திரும்பியாக வேண்டும். "மூச்ச இழுத்துப் புடிங்க, ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொன்னவள் நான். எனக்கு 'விடலாம்' சொல்லத்தான் ஆள் இல்லை. பழைய தோழி ஒருத்தி வேறு ஊரில், தங்குவதற்கு அறையோடு, எனக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருக்கிறாள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வயதில் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை.

"அக்கா கையால தவிர அப்பா ஒரு வாய் வாங்க மாட்டாரு" என்று தங்கை ஊரெல்லாம் பெருமை பேசுவாள். வேறு யாரும் ஊட்டிப் பார்த்ததே இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

பத்து நாளாகச் சவரம் செய்யும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தே ஒத்திகை பார்த்தேன். "அண்ணே, நான் வேலைக்குப் போறேன். அப்பாவ இனிமே நீங்க மூணு பேரும் பாத்துக்கணும்." முதல் நாள் சொல்லும்போதே அவர் தாடையில் கீறிவிட்டேன். அவர் சோப்பு நுரைக்குள் கண்ணை மூடியபடி இருந்தார். அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று மருத்துவருக்கே தெரியாது.

ஐந்து மணிக்கு வந்தார்கள். "நாலு கடை ஏறி எறங்கி வாங்கிட்டு வந்தேம்மா, உனக்குப் புடிக்குமேன்னு" என்றார் அண்ணன். பெட்டியைத் திறந்தேன். நாக்கு ஊறியது. நூலால் அறுத்து, முதல் துண்டைப் பாலில் குழைத்து, கரண்டியில் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

"ஆ காட்டுங்கப்பா."

கரண்டி பக்கத்தில் வந்தாலே தானாகத் திறக்கும் வாய் அது. திறக்கவில்லை. உதட்டில் தொட்டேன். இறுக மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். இரண்டாம் முறையும் அப்படியே. பிள்ளைகள் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குடு, நான் பாக்கறேன்." அண்ணன் சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கினார். "என்னப்பா, பொண்ணு மேல கோவமா?"

அப்பா வாயைத் திறந்தார்.

மெதுவாக மென்றார். கடைவாயில் பால் வழிந்தது. துடைக்க வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. துண்டுக்குப் போன என் கையை இழுத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் ஊட்டிய கையை இப்படி ஒதுக்கிவிட்டாரே என்று அவரைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் கையால் வாங்கினாரே தவிர, அப்பாவின் பார்வை முழுக்க என் மேலேயே இருந்தது.

"தாத்தா முழுங்கிட்டாரு, இனி அத்தைக்கு ஊட்டலாம்" என்றாள் தம்பி மகள்.

வரிசையில் முதல் ஆள் அண்ணன். அவர் என் பக்கம் திரும்பப் போனார். அதற்குள் அப்பா மறுபடியும் அவரைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டார். அண்ணன் கரண்டியும் கையுமாக நின்றார்.

என் வாயில் ஒன்றும் இல்லை.

"அண்ணே" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவின் வாய் மட்டும் அண்ணனுக்காகத் திறந்தபடியே இருந்தது.