பூட்டிக் கிடந்த சனிக்கிழமை

ஊர்த் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் பரங்காய் என்னும் வட்டார மன்றத்தின் முன்கூடத்தில் நீல நிற நாற்காலிகள் ஐந்து இருந்தன. அவற்றுள் ஒன்றின் கால் ஒடிந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. லோர்லி பல்மாரெஸ் அந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தாள். மற்ற நான்கும் காலியாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மடியில் இருந்த அழைப்பாணையைப் பலமுறை மடித்துப் பிரித்ததால் மடிப்புகளில் எழுத்துத் தேய்ந்திருந்தது. முறையீடு செய்தவர்: டெல்ஃபின் பானெஸ், டிரைசைக்கிள் ஓட்டுநர். எதிர்த்தரப்பு: லோர்லி பல்மாரெஸ், டிராம்போலின் அரங்கப் பணியாளர். அரங்கத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயர் அத்தாளில் எங்கும் இல்லை. பரங்காய் மன்றம் ஆட்களை மட்டுமே அழைக்கும், நிறுவனங்களை அழைக்காது.

வாசலில் காவலர் பெர்த்தோ, வெள்ளைச் சட்டையணிந்த ஒருவரைக் கையை விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வக்கீல்தானே?"

"ஆமா. அந்த அரங்கத்துக்காக வந்திருக்கேன்."

"அப்ப வெளியவே நில்லுங்க சார். இந்த வாசலுக்குள்ள வக்கீல் வரக்கூடாது. சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கு. படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா? அந்த மாமரத்தடியில நல்ல நிழல் இருக்கு."

வழக்கறிஞர் தம் காருக்குத் திரும்பினார். அவருடன் வந்திருந்த அரங்க மேலாளர் கிம்போ மட்டும் ஒரு கோப்புடன் உள்ளே நுழைந்து, லோர்லியின் அருகில் அமர்ந்தார்.

"பயப்படாதம்மா. நான் சாட்சியா வந்திருக்கேன்ல? கையெழுத்தப் போடு. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

கோப்பில் இருந்த ஒப்பந்தத்தை லோர்லி முந்தைய நாள் மாலையே இருமுறை படித்திருந்தாள். 'சோதனையில் நான் காட்டிய அலட்சியமே விபத்துக்குக் காரணம். மருத்துவச் செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. பரங்காயில் இட்ட கையெழுத்துப் பத்து நாள் கடந்தால் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகராகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அதற்குப் பின் அவளுக்கு உறக்கம் வரவில்லை.

விபத்து நடந்து பதின்மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அந்த வியாழக்கிழமை, மகளின் பிறந்தநாளை முன்னிட்டு, டெல்ஃபின் தம் வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பத்துடன் அரங்கத்துக்கு வந்தார். எது நேர்ந்தாலும் தாமே பொறுப்பு என்னும் படிவத்தில், எல்லோரையும் போலவே, படிக்காமல் கையெழுத்திட்டார். கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் விரிப்புகளின் மேல் மகளோடு போட்டியிட்டுக் குதித்தார். ஏழாம் கட்டத்துக்கும் எட்டாம் கட்டத்துக்கும் இடையில் ஸ்பிரிங்குகளை மூடியிருந்த மெத்தை நழுவியது. அவருடைய இடக்கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. உடல் மட்டும் முன்னோக்கிச் சாய்ந்தது. எலும்பு முறிந்த ஓசை, ஒலிபெருக்கியின் பாட்டையும் மீறி லோர்லிக்குக் கேட்டது. விசிலை ஊத வேண்டியவள், அதை வாயில் வைத்தபடியே ஓடினாள். மறுநாள் காலை நகராட்சி அதிகாரிகள் அரங்கத்தைப் பூட்டி முத்திரை வைத்தனர்.

ஊரார் 'கேப்டன்' என்று அழைக்கும் பரங்காய்த் தலைவி லுசில், இருவரையும் உள்ளே அழைத்தார். டெல்ஃபின் ஊன்றுகோல்களுடன் முன்பே வந்து, மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருந்தார். அவருடைய காலில் எலும்பைத் துளைத்த ஊசிகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டிருந்தது. அவர் மனைவி நீவியா அக்காலை ஒரு தலையணையின் மேல் எடுத்து வைத்தாள்.

"கேப்டன், இந்தப் பொண்ணு என் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கா," என்றார் டெல்ஃபின். "இவ அம்மாவ சந்தைக்கு நான்தான் ஏத்திட்டுப் போவேன். இவ இப்படிச் செய்வான்னு நெனைக்கல. செக் பண்ணினேன்னு டிக் போட்டிருக்கா. அந்த மெத்தைய ஒரு தடவ காலால அமுக்கிப் பாத்திருந்தாக்கூட நான் இன்னிக்கு வண்டி ஓட்டிட்டு இருப்பேன்."

கிம்போ கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். சோதனைத் தாளின் வியாழக்கிழமை வரி மட்டும் அதில் இருந்தது. பதினான்கு கட்டங்கள், பதினான்கு டிக் குறிகள், இறுதியில் லோர்லியின் கையெழுத்து.

"நிறுவனம் விதியெல்லாம் வச்சிருக்கு, கேப்டன். தெனமும் சோதிக்கணும். இவங்க சோதிக்காம குறி போட்டுட்டாங்க. தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கத்தான் வந்திருக்காங்க."

"ஒத்துக்கிறது அவங்க வாயாலயே வரட்டுமே," என்றார் தலைவி. "சொல்லும்மா. இந்தக் குறி நீ போட்டதா?"

லோர்லி எழுந்து நின்றாள்.

"நான்தான் போட்டேன். அது பொய்."

நீவியா தலையை நிமிர்த்தினாள். கிம்போ எழுதுகோலின் மூடியைக் கழற்றி, ஒப்பந்தத்தை லோர்லியின் பக்கம் நகர்த்தினார்.

"ஆனா அத வியாழக்கிழமை போடல," என்று லோர்லி தொடர்ந்தாள். "திங்கட்கிழமையே போட்டாச்சு. ஏழு நாளுக்கும் சேத்து. மணிலா ஆபீசுக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள முழுத் தாளும் போகணும். அதனால எல்லாரும் காலையில வரிசையா நின்னு ஞாயிறு வரைக்கும் டிக் போட்டுடுவோம். சார் போட்டோ எடுத்து குரூப்புல போடுவாரு. ஒரு பெருக்கல் குறி இருந்தாலும் தாள் திரும்பி வந்துரும்."

"எந்தக் கதையும் சொல்லலாம்," என்றார் கிம்போ. "ஆதாரம்?"

லோர்லி தன் கைப்பேசியைத் தலைவியிடம் நீட்டினாள். திரையின் ஒரு மூலையில் விரிசல் இருந்தது. தலைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். அந்த வாரத்தின் முழுத் தாள். அனுப்பியவர் கிம்போ, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். ஏழு வரிகளும் நிரம்பியிருந்தன. தாளைப் பிடித்திருந்த கட்டைவிரலில் ஒரு மோதிரம் தெரிந்தது. தலைவி படத்தையும் கிம்போவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கிம்போ கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில அரங்கத்துக்கு சீல் வச்சாங்க, இல்லையா?" என்று அவர் கிம்போவிடம் கேட்டார்.

"ஆமா, கேப்டன்."

"இதுல சனிக்கிழமையும் எல்லா மெத்தையும் நல்லா இருக்குன்னு போட்டிருக்கே. பூட்டின கட்டடத்துக்குள்ள இவ எப்படிப் போனா, சார்? சுவர் வழியாவா?"

வாசலிலிருந்து பெர்த்தோ உரக்கச் சிரித்தார்.

"கீழயும் பாருங்க, கேப்டன்," என்றாள் லோர்லி.

படத்துக்குக் கீழே அதே திங்கட்கிழமை அவள் எழுதிய செய்தி இருந்தது: 'சார், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மெத்தையின் வார் அறுந்துவிட்டது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.' அதற்குக் கிம்போவின் மறுமொழி: 'ஞாயிறு கழியட்டும். டேப் ஒட்டு.'

"ஒட்டினேன்," என்றாள் லோர்லி. "தெனமும் ஒட்டினேன். வேர்வைக் கால் பட்டா டேப் நிக்காது."

கிம்போ எழுந்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாசலைக் கடந்து, மாமரத்தடிக் கார் வரை ஓடினார். கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து ஒரு கை அசைந்தது. திரும்பி வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது நிறுவனத்தோட அந்தரங்கச் செய்தி. இங்க காட்டக்கூடாது."

"யாரு சொல்றா? நீங்களா, காரா?" என்று கேட்டார் தலைவி.

கிம்போ மீண்டும் ஓடினார். இம்முறை பெர்த்தோ வாசலில் ஒதுங்கி நின்று வழிவிட்டார். "மெதுவாப் போங்க சார். நீங்களும் விழுந்துட்டா யார் மேல கேசு போடறது?"

டெல்ஃபின் லோர்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்யின்னு தெரிஞ்சுதான போட்ட?"

"தெரிஞ்சுதான் போட்டேன், அண்ணே. உங்க கால் உள்ள போறதப் பாத்ததுல இருந்து அந்தப் பேனா என் கையில இருக்கிற மாதிரியே இருக்கு. திட்டணும்னா திட்டுங்க. ஆனா அந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன். நான் போட்டா, அடுத்து குதிக்கிறவருக்கும் டேப்தான் ஒட்டுவாங்க."

டெல்ஃபின் தம் தாடையைத் தடவினார்.

"என் வண்டி பிரேக்குக்கு வருஷா வருஷம் சர்டிபிகேட் வருது," என்றார் மெதுவாக. "வண்டி வீட்டுல நிக்கும். சர்டிபிகேட் மட்டும் போயிட்டு வரும்."

"இது என் காதுல விழல," என்றார் தலைவி.

"நாலு வருஷமா அந்த பிரேக்கு பிடிக்கல, கேப்டன்," என்றாள் நீவியா. "இப்ப வண்டிய ஓட்டுறது நான். எனக்குத் தெரியாதா?"

முதலில் சிரித்தவர் டெல்ஃபின்தான். சிரிப்பில் கால் அசைந்து வலித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். பிறகு ஊன்றுகோலால் ஒப்பந்தத்தைக் கிம்போவின் காலி இருக்கையின் பக்கம் தள்ளினார்.

"கேப்டன், எழுதிக்குங்க. இந்தப் பொண்ணு மேல எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்ல. இன்னிக்கும் இல்ல, இனிமேயும் இல்ல. அந்த முதலாளிய எங்க போய்க் கேக்கணும்னு சொல்லுங்க."

"கம்பெனி மேல கேசு போட என்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேணாம். நேரா கோர்ட்டுக்கே போகலாம். அங்க ஏழைங்களுக்குன்னு அரசாங்க வக்கீல் இருக்காங்க, காசு வேணாம்."

"எல்லாத்துக்கும் நானே பொறுப்புன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேனே?"

"வார் அறுந்தது தெரிஞ்சும் விட்டு வச்சவனுக்கு அந்தத் தாள் எவ்வளவு குடை பிடிக்கும்னு அவங்களே சொல்லுவாங்க. உங்களுக்குச் சாட்சி வேணும், அவ்வளவுதான்."

"நான் வரேன்," என்றாள் லோர்லி.

காரிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்ற கிம்போவுக்கு அது கேட்டது. "நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்," என்றார்.

"இன்னிக்குத் தேதி போட்டு எழுத்துல கொடுங்க, சார்," என்றாள் லோர்லி. "முன்கூட்டியே போட்ட தேதி வேணாம்."

தலைவி தம் கையால் எழுதிய உடன்பாட்டில் டெல்ஃபின் முதலிலும் லோர்லி அடுத்தும் கையெழுத்திட்டனர். இருமுறை படித்த பிறகே அவள் எழுதுகோலைத் தொட்டாள். பெர்த்தோ சாட்சியாகத் தம் பெயரைப் பெரிய எழுத்துகளில் பதித்தார். மாமரத்தடியிலிருந்து கார் புறப்பட்டுச் சென்றது.

அலுவலகத்துக்கு வெளியே நீவியா வண்டியைக் கிளப்பினாள். டெல்ஃபின் மோட்டார் சைக்கிளோடு இணைத்திருந்த பக்கப்பெட்டியில் சாய்ந்து, இரு கைகளாலும் காலைத் தூக்கி உள்ளே வைக்க முயன்றார். முழங்கால் மடங்கவில்லை, இரும்புச் சட்டம் சாலைப் பக்கமாக ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

"மூங்கில் ஏத்துனவன் இப்படித்தான் போவான்," என்றார் அவர். "நுனியில சிவப்புத் துணி கட்டலன்னா போலீஸ்காரன் அபராதம் போடுவான்."

நீவியா இருக்கைக்கு அடியிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து லோர்லியிடம் கொடுத்தாள். அது ஒரு சிவப்புக் காலுறை. அரங்கத்தில் குதிப்பவர்கள் கட்டாயமாக விலைக்கு வாங்க வேண்டிய வழுக்காத காலுறை. அதன் இணையை மருத்துவமனையில் டெல்ஃபினின் காலில் இருந்தபடியே கத்தரித்து எடுத்துவிட்டார்கள். லோர்லி அதை இரும்புச் சட்டத்தின் நுனியில் இழுத்துக் கட்டினாள். பின்பு ஓட்டுநருக்குப் பின்னால் ஏறி அமர்ந்து, வழிவிடும்படி எல்லோருக்கும் கையை ஆட்டினாள். நீவியா ஒலிப்பானை அழுத்தியபடியே ஹாரோ சந்தைச் சாலைக்குள் வண்டியைத் திருப்பினாள். ஜீப்னி என்னும் சிற்றுந்துகள் ஒதுங்கின. நீட்டிய காலின் முனையில் அந்தச் சிவப்புக் காலுறை காற்றில் விறைத்துப் பறந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த, அரங்கத்தின் சின்னமான கங்காரு வாய்விட்டுச் சிரித்தபடி குதித்துக்கொண்டே இருந்தது.