எங்கள் வீட்டில் ‘ஆமா’

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தமிழர்களின் பேச்சைப் பற்றித்தான் எனது பாடசாலை ஆய்வுக் கட்டுரை. ‘யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஓம் என்பார்கள், மலையகத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் ஆமா என்போம்’ என்று முதல் வரைவைத் துணிச்சலாகத் தொடங்கிவிட்டேன். சான்றுக்காக அம்மாவின் முன்னால் போனை வைத்து ரெக்கோட் பண்ணினேன்.

“அம்மா, நீங்க பண்டாரவளையிலதானே பொறந்தீங்க?”

“ஓம்.”

“கொழும்புக்கு வந்து ரொம்பக் காலமாச்சா?”

“ஓம், ஓம். கனகாலம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெக்கோடை நிறுத்தினேன்.

“என்னாம்மா இது? நம்ம வீட்டுல யாரு ஓம்னு சொல்றா? என் கட்டுரையே பொய்யாப் போயிரும்!”

அம்மாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. வாங்க வருகிறவர்களில் யாழ்ப்பாணத்தார்தான் அதிகம்.

“கடையில அப்படித்தான் பேசுறேன் புள்ள. ஆமான்னு சொன்னா, நீ எந்தத் தேயிலைத் தோட்டம்னு ஒரு மாதிரியாக் கேக்குறாங்க. ஒன் ஸ்கூல்ல இந்த ரெக்கோடைக் கேட்டுட்டு யாரும் ஒன்னை அப்படிக் கேட்டுறக் கூடாதுல்ல?”

“எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் யாரும் இல்லை,” என்று கத்தினேன். அதற்குள் போன் அடித்தது. தமிழ் டீச்சர். முதல் வரைவு எழுதியாயிற்றா என்று கேட்டார்.

“ஓம் டீச்சர். இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதையும் ரெக்கோட் பண்ணிட்டியா புள்ள?”