முருங்கைக்காய் வெயில்

கனகலட்சுமி மார்கழியில் முருங்கைக்காய்க் குழம்பு வைத்தால், தின்றவர் தலைக்கு மேல் மட்டும் சித்திரை வெயில் அடிக்கும். நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் நடுவிலுள்ள அந்த ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் காய்க்க வேண்டிய காய், எங்கிருந்தோ லோடில் வந்து அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் யானை விலை குதிரை விலை விற்றது. ஆனாலும் அவள் புருசன் மருதுபாண்டிக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. தெருவே பனியில் நடுங்கும்போது அவர் பனியனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருப்பார். கையில் குழம்பு வாசம் இருக்கும்வரை வெயில் நிற்கும். அவர் நடந்தால் கூடவே நடக்கும். பக்கத்து வீட்டுச் சோலையம்மாள், "காலந்தப்பித் தின்னா இப்படித்தான்" என்று வைதுகொண்டே தன் ஈரத்துணியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து காயப்போடுவாள்.

இந்த வருஷம் உளுந்து அமோகமாக விளைந்தது. செடியைப் பிடுங்கி, வழக்கம்போலத் தார்ரோட்டில் பரப்பினார்கள். போகிற வருகிற பஸ் மிதித்தே உளுந்து உதிர்ந்துவிடும். அன்றைக்கென்று பிடித்த மழை விடவில்லை. நனைந்த காய்க்குள் முளைவிட்டால் விதைக்குக்கூட மிஞ்சாது. மருதுபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கனகலட்சுமி வீட்டிலிருந்த கடைசி முருங்கைக்காய்களைக் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் வந்தாள். இருவரும் மெதுவாகத் தின்றால் சாயங்காலம்வரை வெயிலை இழுத்துவிடலாம் என்பது அவள் நினைப்பு.

சட்டியைத் திறக்கவும் டவுன் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஈரச்செடியில் சக்கரம் வழுக்கும் என்று டிரைவர் ஹபீப் ரகுமான் இறங்கினார். பின்னாலேயே பஸ்ஸிலிருந்த சொற்பப் பேரும் இறங்கினார்கள். கொடுத்தால் வெயில் பஸ்ஸேறிப் போய்விடும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கொடுக்காமல் தின்றால் தொண்டையில் இறங்காது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மருதுபாண்டி வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"சாப்பிடுறீகளாண்ணே?"

"மார்கழியில முருங்கக்காயா! ஒரு துண்டு போடு தாயி."

ஆளுக்கொரு துண்டு கொடுத்ததும் அவளுக்கு மிஞ்சியது வழித்த சட்டிதான். ஆனால் ஒருவர் வாயில் பட்டதும் ஒரு வெயில், அடுத்தவர் வாயில் பட்டதும் இன்னொரு வெயில் என்று ஏறிக்கொண்டே போனது. மழைக்கு நடுவே அந்த இடம் மட்டும் வெளிவாங்கி, ரோடு ஆவி கக்கியது.

"யாரும் கையக் கழுவீராதீக!" என்று கத்தினாள் கனகலட்சுமி.

கழுவாத கையோடு ரோட்டின் இருபுறமும் வேர்க்க வேர்க்க எல்லோரும் நின்றார்கள். செடி சலசலவென்று காய்ந்ததும் ஹபீப் ரகுமான் பஸ்ஸை முன்னும் பின்னுமாக ஓட்டினார். காய்கள் படபடவென்று வெடித்தன. மூட்டை கட்டி முடித்த பிறகு கனகலட்சுமி சிரித்துக்கொண்டே ஒவ்வொருவர் கைக்கும் தண்ணீர் ஊற்றினாள். டிரைவர் மட்டும் கையை நீட்டவில்லை.

"புள்ளைக துணி காயாமக் கெடக்கு தாயி. இப்படியே போறேன்."

வீரசோழனில் நல்ல மழை. வெயிலோடு வந்து நின்ற புருசனை அப்ரோஸ் பேகம் ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விரலை எடுத்து முகர்ந்தாள்.

"எனக்கு ஒரு துண்டு கொண்டாரணும்னு தோணலையாக்கும்" என்று சொல்லிவிட்டு, துணிகளை எடுக்க உள்ளே போனாள்.