இரண்டு கையும் வேலையாய் இருந்த ஜௌபர்

வாருங்கள் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். காற்று உப்பளப் பக்கமிருந்து அடிக்கிறது. தள்ளி இருந்தால் பாதிக் கதையை அது கொண்டுபோய்விடும். ஜௌபர் நடந்த கதையைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாய்ச் சிரியுங்கள், அவரே சிரித்தவர்தான்.

பாலாவியில் லொறிக்கு உப்பு மூடை ஏற்றுகிறவர் ஜௌபர். இந்த நடைக்கு எட்டு மாதத்துக்கு முன்னர், அடுக்கிய மூடைகள் சரிந்து, அவரையும் சேர்த்துக் கீழே தள்ளின. வலது தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்து, கையில் இரண்டு ஊன்றுகோலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனைவி நிஸ்மியா அவரைத் தனியே கேற்றைத் தாண்ட விட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் ஓட்டோ, முடி வெட்டவும் ஓட்டோ, பக்கத்தில் நிஸ்மியா. "முன்னுக்குக் கொஞ்சம் குறைக்கவா நானா?" என்று சலூன்காரன் கேட்டால், பதில் வாசலில் நிற்கும் ஓட்டோவுக்குள் இருந்து வரும்.

அப்போதுதான் ஊரில் ஒரு நடைபவனி ஏற்பாடானது. பலத்த காயப்பட்டுத் தேறி வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி அறை அமைக்க உதவி சேர்க்கும் நடை. மற்றவர்கள் ஐந்து கிலோமீற்றர் நடப்பார்கள். காயப்பட்டவர்கள் பள்ளிவாசலடியில் சேர்ந்து, மைதானம் வரைக்கும் கடைசி ஒரு கிலோமீற்றர் வரலாம். எல்லாரும் வந்து சேர்ந்ததும் அங்கே ஒரு கூட்டம்.

"நானும் நடக்கப் போறன்," என்றார் ஜௌபர்.

"கெணத்தடியில இருந்து கேற்றடிக்கு வாறதுக்குள்ளயே மூணு தரம் நிக்கிறீங்க."

"நடந்து முடிச்சா, இனி ஜும்ஆக்கு நான் தனியத்தான் போவன். சரியா?"

நிஸ்மியா யோசித்தாள். "சரி. ஆனா பின்னால ஃபாஹிம்ட ஓட்டோவுல நான் வருவன். களைச்சு அதுல ஏறினீங்களோ, ஜும்ஆக்கும் ஓட்டோதான். பொறகு பேச்சில்ல."

நடைக்குழுவின் செயலாளர் ஹாசிம், நிஸ்மியாவின் கூடப்பிறந்த நானா. அவர் சும்மா இருப்பாரா? "மச்சான், உங்களுக்காக வேண்டி கூட்டத்த அடுத்த நாளைக்கு வெக்கவா?" என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதே ஹாசிம்தான் வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில், "நடந்து வாறவங்கட தாகத்துக்கு வழியில ஏதாவது வைங்க" என்று அறிவித்தவர். எந்த வீட்டார் வைப்பது என்று சொல்லவில்லை. பிழை அங்கேதான். அடுத்த வீட்டு வாசலில் மேசை போட்டிருக்க, தன் வாசல் வெறுமையாய்க் கிடக்க நம் ஊரில் எந்தப் பெண் பொறுப்பாள்?

சனிக்கிழமை காலை, பள்ளிவாசலைத் தாண்டியதும் முதல் வாசலில் சர்பத். அடுத்ததில் பலூடா. அதற்கடுத்ததில் குரும்பை வெட்டி இளநீர். பிறகு இஞ்சித் தேத்தண்ணியும் சுடச்சுடச் சமூசாவும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு மறுவீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? "அவங்கட கை மட்டும்தான் இனிக்குமோ?" என்று கேட்டுவிடுவார்களே! ஐந்து கிலோமீற்றர் நடக்க வந்தவர்கள் வாசல் வாசலாய் நின்றார்கள். சக்கர நாற்காலிகளைத் தள்ளியவர்களும் நின்றார்கள். அதில் இருந்தவர்கள் இரண்டாவது கோப்பை கேட்டார்கள்.

ஜௌபருக்கும் நீட்டினார்கள்.

"ரெண்டு கையும் வேலயா இரிக்கி ராத்தா, எனக்காகத் துஆச் செய்ங்க," என்று சொல்லிச் சொல்லி அவர் தாண்டிப் போனார். ஐந்தாவது வாசலில் நிஸ்மியாவின் பள்ளித் தோழி பலூடாக் கோப்பையோடு ஓட்டோவை மறித்து, "ஒரு வாய்தானே புள்ள" என்றாள். ஓட்டோவும் நின்றது.

பாதை வளைந்தது. இரண்டு பக்கமும் உப்பளம், தலைக்கு மேல் வெயில். கால் நடுங்கத் தொடங்கியது. எட்டு மாதமாய் எந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்தாரோ, அந்த ஓட்டோச் சத்தம் இப்போது கேட்காதா என்றிருந்தது ஜௌபருக்கு. வந்திருந்தால் ஏறியிருப்பார். ஜும்ஆவும் போயிருக்கும். திரும்பிப் பார்த்தார். ஒரு காகம் மட்டும் நின்றது.

கடைசி வீட்டு அஸீஸா பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இரிங்க நானா, மொகம் கறுத்துப் போச்சி!"

"இருந்தா எழும்ப ஏலாது தங்கச்சி."

"அப்ப இதயும் தூக்கிட்டு பின்னால வாறன். விழப் போறதுக்கு முந்திச் சொல்லுங்க, கீழ வெக்கிறன்."

கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். கொஞ்சத் தூரம் போனதும், "நானா, இந்தக் கதிரைக்கும் நாலு கால் இரிக்கி. எறக்கி விட்டா உங்களுக்கு முந்திப் போயிரும்," என்றாள். ஜௌபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பத்து அடி வைத்தார். பிறகு இன்னும் பத்து.

மைதானத்தில் பந்தல் இருந்தது, ஆள் இல்லை. வெட்ட வேண்டிய ரிபன் சுருட்டியபடி பெட்டிக்குள் கிடந்தது. ஜௌபர் பந்தல் காலை ஊன்றுகோலால் தட்டினார்.

"இப்ப வைங்க தங்கச்சி."

அஸீஸா கதிரையை வைத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவர் குடித்த முதல் மிடறு அதுதான்.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹாசிமுக்கு மூச்சு வாங்கியது.

"வாங்க மச்சான்," என்றார் ஜௌபர். "கூட்டத்த நாளைக்கு வெப்பமா?"

ஓட்டோவிலிருந்து நிஸ்மியா இறங்கினாள். உதட்டோரத்தில் பலூடாவின் ரோஸ் நிறம். ஊன்றுகோல்களில் படிந்த புழுதியைப் பார்த்தாள், இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த காலைப் பார்த்தாள். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள். உதட்டை மட்டும் துடைக்கவில்லை.

"ஜும்ஆக்குத் தனியப் போங்க," என்றாள். "ஃபோனக் கொண்டு போகணும்."

"ஓம்."

"இப்ப வீட்டுக்கும் நடந்தா?"

ஜௌபர் ஊன்றுகோல்களை ஏற்கெனவே ஃபாஹிமிடம் நீட்டிவிட்டிருந்தார். "அதப் பத்தி நாம பேசல்லயே!"

அடுத்த வெள்ளி அவர் தனியே போனார். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு கேற்றடியில் நின்றாள் நிஸ்மியா. வளைவு அவரை மறைத்த பிறகும் நின்றாள்.

கண்மணிகளே, உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு காலும் சுகமாய்த் திரும்பி வரட்டும். வாசலால் போகிறவருக்கு நீட்ட ஒரு கோப்பையும், களைத்தவருக்குப் போட ஒரு கதிரையும் உங்கள் வீட்டில் எந்நாளும் குறையாதிருக்க ரப்பு அருள் செய்யட்டும்.