கடைசி ஹோலில் நான் தள்ளிய பந்து

முப்பது வருஷம் பெங்களூரில் கோல்ஃப் பை தூக்கியிருக்கிறேன். ஒருத்தனும் யோக்கியமாக ஆடிப் பார்த்ததில்லை. மெம்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கட்டி ஆடுவார்கள். பந்து புதருக்குள் போனால், "ஓஸ்வால்ட், பாத்துக்கோ" என்பார்கள். நான் முன்னால் ஓடிப்போய், செருப்பைக் கழற்றி, கால்விரலால் பந்தைக் கவ்வி, நடக்கிற மாதிரியே நல்ல புல்லில் போட்டுவிடுவேன். குனிந்தால்தானே மாட்டுவோம்? அதைச் செய்யாதவனை யார் கூப்பிடுவார்கள்?

2007இல் பெண்களுக்கான புரொஃபஷனல் டோர்னமெண்ட் எங்கள் கிளப்பில் நடந்தது. சௌம்யா என்ற பெண்ணுக்கு என்னைப் போட்டார்கள். மூன்று வருஷமாக ஊர் ஊராகப் போய் ஆடுகிறாள், ஒன்றிலும் ஜெயித்ததில்லை. முதல் நாள் தன் டிபனில் பாதியை என்னிடம் நீட்டினாள். என்ன காரியம் ஆகவேண்டுமோ என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாளும் நீட்டினாள்.

கடைசி நாள், கடைசி ஹோல். கூட ஆடிய தர்ஷினியைவிட சௌம்யா ஒரு ஷாட் முன்னால். சௌம்யா அடித்த பந்து மரத்தில் பட்டு மரங்களுக்குள்ளே விழுந்தது. நான்தான் முதலில் போனேன். பந்து வேரோடு ஒட்டிக் கிடந்தது, அங்கிருந்து அடிக்கவே முடியாது. அவள் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கால் தானாகப் போயிற்று என்று சொன்னால் பொய். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஷூ முனையால் தள்ளினேன்.

"அப்பாடா, நல்ல எடத்துல கெடக்கு!" என்று வந்து அடித்தாள். அந்த ஒரு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

எத்தனை ஷாட் என்று எழுதிய கார்டில் கையெழுத்துப் போடும் கூடாரத்தில் தர்ஷினி பேச்சை இழுத்தாள். "பந்து வேர்ப்பக்கம் போன மாதிரி இருந்துச்சேடி."

சௌம்யா என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்கதான மொதல்ல போனீங்க. அது அங்கயேதான இருந்துச்சு?"

"அங்கயேதாம்மா."

"அங்கிள் சொன்னா சொன்னதுதான்" என்று கையெழுத்துப் போட்டாள். தர்ஷினி "சாரிடி" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

என் வார்த்தையை யாரும் அப்படி எடுத்ததில்லை. மேடையில் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் தாங்கினேன். பிறகு அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். யாருக்கும் தெரியாது, வெளியே விடாதே என்றும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "கையெழுத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா ரெண்டு ஷாட் அபராதம்தான் போட்டிருப்பாங்க, அங்கிள். செகண்டாவது வந்திருப்பேன். தப்புக் கார்டுல கையெழுத்துப் போட்டா மொத்தமா வெளிய."

எனக்கு அந்த விதி தெரியாது. உண்மையைச் சொன்ன மெம்பர் ஒருத்தனாவது இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"விட்டுடும்மா. அந்தப் பொண்ணே நம்பிடுச்சு."

"நம்பிட்டா. அதான்."

நேராக ரெஃப்ரி ஆராவமுதனிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன். "நான்தான் சார் தள்ளுனேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"பை தூக்கறவர் செஞ்சா ஆடறவங்க செஞ்ச மாதிரிதான், பெரியவரே."

போர்டில் அவள் பெயர்மேல் கோடு இழுத்தார்கள். கோப்பையை தர்ஷினி வாங்கினாள், சிரிக்கவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நின்றேன். காருக்குத் தூக்கிப்போக வேண்டியது என் வேலைதான்.

"குடுங்க அங்கிள். நானே எடுத்துக்கறேன்."

"கனமா இருக்கும்மா."

"பரவால்ல."

பையின் வாரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். விட்டேன். ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து போனாள்.