இரண்டு தட்டு

படுக்கையறைக் கதவுக்கு வெளியே போட்டிருந்த தாழ்ப்பாளில் அவள் கை வைத்ததும், நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. வண்டி வந்து தம்பியை எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் திறக்கலாம். பிஞ்சு மனசு, தாங்காது."

உள்ளிருந்து டக், டக் என்று இரண்டு தட்டு கேட்டது. நாத்தனார் கதவில் வாயை வைத்து, குரலில் தேன் தடவிக்கொண்டு, காலையிலிருந்து சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"அப்பா தூங்குறாரு கண்ணு. சத்தம் போடாம ஃபோன்ல படம் பாரு."

டக், டக்.

"வெளிய விடச் சொல்லித் தட்டுது, பாவம்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

வெளியே விடச் சொல்லி இல்லை. மகள் வாண்டு ஏன் தட்டுகிறாள் என்பது இந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் ஹாலில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான்.

லிஃப்ட் மெக்கானிக் அவன். ஐந்து வயது மகளுக்குக் கோடிங் சொல்லித் தருகிறேன் என்று ஒரு படக்கதைப் புத்தகத்தோடு அவன் உட்கார்ந்தபோது இதே நாத்தனார்தான் சிரித்தாள். "வீட்ல கம்ப்யூட்டரே இல்ல, கோடிங்காம்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்."

"கம்ப்யூட்டர் எதுக்குக்கா? அது மக்கு. சொன்னதை மட்டும்தான் செய்யும். சொல்றவங்க வரிசையா, தப்பில்லாம சொல்லணும். அதைத்தான் கத்துக்கறோம்."

புத்தகத்தில் ஒரு குட்டி ரோபோ. பக்கத்துக்குப் பக்கம் அதற்குக் கட்டளைகள். அவன் வேண்டுமென்றே ஒன்றை மாற்றி வாசிப்பான். "முதல்ல ஷூ போடு. அப்புறம் சாக்ஸ் போடு." வாண்டு புத்தக அட்டையில் டக், டக் என்று தட்டுவாள். தட்டினால் தப்பு. தப்பைத் திருத்தினால்தான் அடுத்த பக்கம். அவன் எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டாள். கதவு சரியாக மூடாத லிஃப்ட் நகராது பார், அந்த மாதிரி என் பொண்ணு என்று பெருமையடித்துக்கொள்வான்.

நேற்று சாயங்காலமும் வாசித்தார்கள். நடுவில் அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான். சமையலறையிலிருந்து வந்த அவள் என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, வாயு."

வாண்டு உடனே தட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, அவனவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறான், எனக்கு வாயுவுக்கு டாக்டரா என்று வீராப்புப் பேசினான். படுபாவி. அந்தத் தப்பை மட்டும் திருத்தாமலே பக்கத்தைப் புரட்டிவிட்டான். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"வண்டி கீழ வந்துருச்சும்மா," என்றார் அவனோடு வேலை பார்த்தவர்.

"கையை எடுங்க அண்ணி."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்..."

"எது நல்லது? தூங்குறார்னு சொன்னா நாளைக்கு வந்து எழுப்புவா. பதில் சொல்ல நீங்க இருப்பீங்களா? உங்க தம்பி என்கிட்ட சொன்ன பொய்யே போதும். இந்த வீட்ல இன்னொண்ணு வேணாம்."

"என் இடுப்புல வளர்ந்தவன்மா அவன்," என்று உடைந்தாள் நாத்தனார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தாழ்ப்பாளை இழுத்தாள்.

ஃபோன் கட்டிலில் கிடந்து யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது. வாண்டு கதவுக்குப் பின்னாலேயே, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மகள் முன்னால் அவள் மண்டியிட்டாள்.

"அப்பா தூங்கலடி. செத்துப் போயிட்டாரு. இனிமே எழுந்திரிக்க மாட்டாரு. நாம கூப்பிட்டாலும் வரமாட்டாரு."

வாண்டின் கை மடங்கி, புத்தக அட்டைக்கு மேல் உயர்ந்தது.

தட்டு, என்று அவள் மனதுக்குள் கத்தினாள். தட்டித் தொலையேன்டி.

கை அப்படியே நின்றது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"அப்பாவ எடுத்துட்டுப் போறாங்களா?"

"ஆமா."

"நானும் வரேன்."

"வா."

வாண்டு புத்தகத்தைக் கட்டில்மேல் வைத்தாள். குனிந்து கட்டிலுக்கடியில் தேடி எடுத்து, முதலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஷூவை.