மாடி ஏறாத முதலாளி

குண்டூசி என்று கிடங்குத் தெருவே கூப்பிட்ட அந்தச் சுமைதூக்கியின் எடை மூன்றரை டன் என்பது, லாரிகளுக்காக எடைமேடை போட்ட அன்றுதான் தெரியவந்தது. மேடை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இருப்பதிலேயே ஒல்லியான ஆள் என்று அவரை ஏற்றினார்கள். எண் வந்து நின்றதும் மெஷினைத் தட்டினார்கள், துடைத்தார்கள், கம்பெனிக்காரரை வரவழைத்துத் திட்டினார்கள். கம்பெனிக்காரர் தானே ஏறி நின்று காட்டினார். எழுபது கிலோ சரியாகக் காட்டியது. பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

குண்டூசிக்கு அதில் ஆச்சரியமில்லை. பதினாலு வயதில் முதல் சிமெண்டு மூட்டையை முதுகில் வாங்கி, மூட்டைகளை அடுக்கிவைக்கும் அட்டியில் இறக்கிவைத்தபோதே அவருக்குத் தெரியும். மூட்டை இறங்கியது, எடை முழுவதும் இறங்கவில்லை. ஒரு சிட்டிகை முதுகிலேயே தங்கிவிட்டது. அதன்பின் இருபத்திரண்டு வருஷம், ஒவ்வொரு மூட்டையும் தன் பங்குக்கு ஒரு சிட்டிகையை விட்டுவிட்டுப் போனது. விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அதான் மாசத்துக்கு ஒரு கட்டில் கால் ஒடியுதா? நான் பாட்டுக்கு அந்தத் தச்சரை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே!"

அப்போது அவர்கள் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் குடியிருந்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் நகர வேண்டும். விடிந்தால் போதும், ஊரார் கால்களெல்லாம் தலைமேல் தடதடவென்று இறங்கிப் போகும். அவள் அண்ணாந்து பார்த்துச் சொல்வாள்: "ஒரு நாளைக்காவது மாடியில ஜன்னல் ஓரமா உக்காந்து, கீழ போறவங்க மண்டையைப் பார்க்கணும்ங்க. நீங்களும் பக்கத்துல இருக்கணும். தனியாப் பார்த்தா அதுல என்ன சுகம்?" அவர் சரி என்று சொல்லிவைத்தார்.

புயலடித்த வருஷம் தெருவிலிருந்த பதினெட்டுக் கிடங்குகளில் பதினேழின் தகரக் கூரைகள் பறந்தன. ஒன்று மட்டும் பறக்கவில்லை. அந்தக் கூரையைக் கட்டிய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குண்டூசி இரண்டு நாள் அசையாமல் நின்றார். கிடங்குக்காரர் அவரைக் கூட்டாளியாக்கினார். பதினோராம் வருஷம் கிடங்கே அவருடையதாயிற்று. எதிர்மனையில் மாடி வீடு கட்டினார். குடிபோன அன்று மூன்றாவது படியில் கால்வைத்தார், படி பிளந்தது. கொத்தனார் இரும்பு வைத்துக் கட்டினார். ஏழாவது படி பிளந்தது. "ஐயா, கட்டடத்துல கோளாறு இல்ல. உங்ககிட்டதான்" என்று சொல்லிவிட்டு மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குள் அவள் நெஞ்சில் சிமெண்டுத் தூசி குடியேறிவிட்டது. தரைக்காற்றே ஆகாது, மேலே இருக்கட்டும் என்றார் மருத்துவர். வேறு ஊருக்குக் கூட்டிப் போகலாமென்று லாரியில் ஏறினார், அச்சு முறிந்தது. நடக்கலாமென்றால் தெருவின் இரண்டு கோடியிலும் பாலம். லாரியின் பல சக்கரத்தைத் தாங்கும் பாலம் அவருடைய ஒற்றைக் காலைத் தாங்காது. நீ மட்டும் போ என்றதற்கு அவள் ஒரு வாரம் பேசவில்லை. ஆகவே அவள் மேலேயும் அவர் கீழேயுமாக ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீ மாத்திரை போட்டியா?"

"போட்டேன். உப்பு தூக்கலோ?"

"மாத்திரையிலயா?"

"கொழம்புலங்க! கொழுப்பைப் பாரு உங்களுக்கு."

இப்படித்தான் தெருவுக்கே அவர்கள் வீட்டு உப்புப் புளி தெரிந்திருந்தது. ஒன்பதாம் வருஷம் அவளுக்குக் கத்த மூச்சுப் போதவில்லை. மேலிருந்து சத்தம் வராத நாலாம் நாள், ஜன்னலுக்கு நேராகச் சுவரோரம் சிமெண்டு மூட்டைகளைப் படிபடியாக அட்டி போடுவதென்று குண்டூசி முடிவு செய்தார். மூட்டை அட்டி வீட்டுப் படி மாதிரிப் பிளக்காது. அது அவர் கணக்கு. கிடங்கு ஆட்கள் தோளைக் கொடுக்க ஓடிவந்தார்கள். "அடுத்தவன் போட்ட அட்டியில நான் கால் வைக்கமாட்டேன். தள்ளுங்கடா" என்று விரட்டிவிட்டார். அறுநூறு மூட்டையையும் அவரே சுமந்தார். தொழில் கர்வம். ஒவ்வொரு மூட்டையும் வழக்கம்போல் தன் சிட்டிகையை விட்டுவிட்டுப் போனதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

காலையில் ஏறினார். அட்டி தாங்கியது. ஜன்னலுக்கு இரண்டு மூட்டை உயரம் இருக்கும்போது அவள் முகம் தெரிந்தது.

"கிட்டப் பார்த்தா கிழவராயிட்டீங்களே!"

"நீ மட்டும் குமரியாக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் இடம்விட்டு நகர்ந்தாள். அவர் அடுத்த அடியை வைத்தார். அறுநூறு சிட்டிகை கூடியிருந்த கால் அது. மூட்டை வெடித்தது, அதற்கடியில் இருந்ததும் வெடித்தது. எழும்பிய தூசி நேராக ஜன்னலுக்குள் போயிற்று. உள்ளே இருமல் கேட்டது. இனியும் தூசி கிளப்ப வேண்டாமென்று அவர் மளமளவென்று தாமாகவே கீழே இறங்கி நின்றுகொண்டார். இருமல் பன்னிரண்டு நாள் கேட்டது.

நாலு பேர் அவளைப் பெட்டியில் வைத்துப் படிவழியாகக் கொண்டுவந்தார்கள். அடிவாரத்தில் குண்டூசி முதுகைத் திருப்பிக் குனிந்து நின்றார், லாரியடியில் நிற்பதுபோல. யாரும் ஒன்றும் கேட்காமல் ஏற்றிவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த இடுகாடுவரை ஒரே ஆளாகச் சுமந்துபோய், மூலை இடிபடாமல் இறக்கிவைத்தார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சுவரோரத்து மூட்டைகள் நனைந்து இறுகிக் கல்லாயின. "இப்ப லாரியே ஏறலாம்ங்க ஐயா" என்று கொத்தனார் வந்து தட்டிக் காட்டினார். குண்டூசி தலையாட்டிவிட்டுக் கிடங்கைத் திறக்கப் போனார்.

முதல் லாரி வருமுன் எடைமேடையில் ஏறினார். எடை போடுபவர் எண்ணைப் பார்த்தார், மெஷினைத் தட்டினார். "முதலாளி, போன தடவையைவிட நாப்பது கிலோ கூடக் காட்டுதே. மழைத்தண்ணி உள்ள போயிருக்குமோ?"

"இல்லப்பா. அவ மொத்தம் அவ்வளவுதான்."

எடை போடுபவர் சரி என்றார். குண்டூசி மெதுவாக, அலுங்காமல் கீழே இறங்கினார். லாரி ஏறியது.